செசிலி குடுத்த கிட்னியும் செசிலி குடுத்த மோரும்

செசிலியை முதல் தடவை பார்க்குதவங்க சண்டைக்காரின்னு நெனைப்பாங்க. ரெண்டாவது தடவை பார்த்தா அது உறுதியாயிடும். குளச்சல்ல கடலுக்கு மூணாவது தெருவுல வீடு. மீன்காரி கூடையை எறக்குததுக்கு முன்னாலயே, "இந்தச் சாளைக்க கண்ணைப் பாரு, ஏழாம் நாள் பூசையும் முடிஞ்சாச்சு போல"ன்னு சொல்லுவா. ஆனாலும் மீன்காரி வேற வாசல்ல போய் முதல் கூடை எறக்க மாட்டா. செசிலி ஏசினாலும் மீனை எடுத்துக்கிடுவா.

அந்தத் தெருவுல யாரு வீட்டுல தயிர் ஒறையணும்னாலும் ஒரு கிண்ணத்தைத் தூக்கிட்டு செசிலிகிட்ட தான் வரணும். காய்ச்சி ஆத்தின பாலுல ஒரு கரண்டி பழைய மோரு விட்டா தான் தயிராவும், அந்த ஒரு கரண்டி ஒறமோரு. அந்தியானா ஒறமோரு குடுக்கப்படாதுன்னு மத்தவளுவ கதவைச் சாத்துவாளுவ. செசிலி எப்பம் கேட்டாலும் குடுப்பா, கூட ஒரு ஏச்சும் குடுப்பா. "ஏட்டி, நேத்தைக்குத் தானே வாங்கிட்டுப் போன? ஒரு கரண்டி மிச்சம் வைக்கத் தெரியாதா? வளிச்சு நக்கிட்டியா?" என்னைக்காவது அவளுக்க சட்டியே கெட்டுப் போச்சுன்னா அடுத்த வீட்டு எலிசாகிட்ட போய் எடுத்துட்டு வருவா. எலிசா வீட்டுல இருக்கதும் செசிலி வீட்டு மோரு தானே.

புருசன் சிலுவைதாசன் போட்டுல எஞ்சின் டிரைவர். கொஞ்ச வருசம் மஸ்கட்ல இருந்தாரு. அங்க பிரஷர் மாத்திரை திங்கச் சொன்னதுக்கு, எனக்கு ஒண்ணும் செய்யலியேன்னு தூரப் போட்டுட்டாரு. காலும் மூஞ்சியும் வீங்கி ஊருக்கு வந்தப்போ ரெண்டு கிட்னியும் போச்சு. நாகர்கோவில்ல டயாலிசிஸ்னு அலைஞ்சு அலைஞ்சு ஆளு பாதியானாரு. கடைசில திருவனந்தபுரத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில, வேற கிட்னி வச்சா தான் உண்டுன்னு சொன்னாங்க. தம்பிமாரு ரெண்டு பேரு உண்டு. ரெண்டு பேரும் தரையைப் பார்த்தாங்க. செசிலி அவங்களை ஒரு வார்த்தை சொல்லல. அவ சொல்லாம விட்டது அது ஒண்ணு தான்னு ஊருல இப்பவும் பேசுவாங்க.

"எனக்கு ரெண்டு இருக்குல்லா. ஒண்ணை எடுத்து வைங்க"ன்னு சொல்லிட்டா.

கிட்னி குடுக்கணும்னா ஒரு கமிட்டி முன்னால போய் உக்காரணும். அதுல ஒரு சாரு கேட்டாரு, "அம்மா, உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"சாரே, ஒரு கட்டன்சாயா போடச் சொல்லி இவரு என்னைக் கட்டாயப்படுத்திட முடியாது. பின்னயா கிட்னி?"

சாரு சிரிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாரு. ரத்த குரூப்பு ஒத்துப் போச்சு. உள்ள பார்க்குத மத்தப் பொருத்தம் ஒண்ணும் பெருசா ஒக்கல, ஆனாலும் மாத்திரை குடுத்து சமாளிக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. செசிலிக்கு அது கொஞ்சம் மனசுல தச்சுது. கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டான்னு ஊரறியக் கேட்டாங்க. அப்பம் ஒருத்தனும் வாயைத் தொறக்கல. இத்தனை வருசம் கழிச்சு இவருக்க ஒடம்பு வந்து தடை சொல்லுதாக்கும்!

2011-ல ஆபரேசன் முடிஞ்சுது. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. வீட்டுக்கு விடும்போ டாக்டர் உக்கார வச்சு சொன்னாரு. மலையாளத்துக்காரரு, தமிழும் கலந்து பேசுவாரு.

"சேச்சி, இவரோட ஒடம்பு உங்க கிட்னியை அந்நியம்னு கருதி வெரட்டப் பார்க்கும். அதை அடக்கி வைக்கத் தான் இந்த மாத்திரை. காலையிலும் வைகுந்நேரமும், நேரம் தெற்றக் கூடாது. அடக்கி வச்சதனாலே இவருக்கு எதிர்ப்பு சக்தி கொறவு. கிருமி பட்டா தாங்க மாட்டார். நல்லா சூக்ஷிக்கணும். எல்லாம் அப்பப்போ வேக வச்சு, சூடா மட்டும்."

இதுல முன்பாதி செசிலி காதுல நிக்கல. பின்பாதி ஒட்டிக்கிட்டுது: எதிர்ப்பு சக்தி கொறவு. அடுக்களையில நிக்குத ஒருத்திக்கு அது போதும். கறியில உப்பு கொறஞ்சா உப்பு போடுவா. பானையில தண்ணி கொறஞ்சா தண்ணி கோருவா. புருசனுக்க ஒடம்புல சக்தி கொறஞ்சா என்ன செய்வா? கூட்டுவா. அந்த ஆஸ்பத்திரியில அதை வேணும்னே கொறச்சு வச்சிருக்காங்கன்னு அவ யோசிக்கல. கொறச்சு வைக்குததும் ஒரு வைத்தியம்னு யாரு நெனைப்பா?

முதல் அஞ்சு மாசம் அவளைக் கொறை சொல்ல முடியாது. குடிக்கத் தண்ணியை வெட்டி வெட்டி கொதிக்க வைப்பா. தம்ளரைச் சுடுதண்ணியில போடுவா. பார்க்க வருதவங்களை வாசல்லயே நிறுத்தி, "இருமல் உண்டா? சளி உண்டா? அப்போ ரோட்டுல நின்னு பார்த்துட்டுப் போ"ன்னு சொல்லுவா. பங்குச்சாமி வந்தப்போவும் கையைக் கழுவச் சொன்னா. ஆனா சிலுவைதாசன் தேறாம, உப்பில்லாத கஞ்சியும் அவிச்ச காயும் தின்னு வெளுத்துப் போய் கெடந்தாரு. ஏணிப்படி ஏறினா சீணம், மூச்சு வாங்கும்.

அப்பம் தான் கோயில்ல பெண்கள் கூட்டத்துல ஒரு அம்மா வந்து பேசினா. நாகர்கோவில்காரி, கழுத்துல கண்ணாடியைத் தொங்க விட்டுட்டு நல்லா பேசினா. பழஞ்சியிலயும் மோருலயும் நல்ல கிருமி கோடிக்கணக்குல உண்டாம். அது வயித்துக்குள்ள போய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமாம். வெளிநாட்டுக்காரன் அதைக் குப்பியில அடைச்சு விக்குதானாம்.

செசிலி எலிசாவை முழங்கையால இடிச்சா. "கேட்டியா? குப்பியில விக்குதானாம். எனக்க சட்டியில அது சும்மா கெடக்கு."

அடுத்த நாள் காலையில சிலுவைதாசன் முன்னால ஒரு கும்பா வந்து இருந்துது. முந்தின நாள் சோத்துல தண்ணி விட்டுப் புளிச்ச பழஞ்சி, அதுல கட்டி மோரு, ரெண்டு உள்ளி, ஒரு பச்சமிளகா.

"ஏட்டி, டாக்டர் சூடா தானே குடுக்கச் சொன்னாரு?"

"டாக்டருக்க பொண்டாட்டி டாக்டருக்கு என்ன குடுக்குதாளோ, யாரு கண்டா? குடிங்க."

அவரு குடிச்சாரு. கும்பாவைத் தூக்கி அடியில கெடந்ததையும் குடிச்சாரு. "ஏட்டி செசிலி, இப்பம் தான் இது எனக்க நாக்கு மாதிரி இருக்கு"ன்னு சொன்னாரு. அதைக் கேட்டதும் அவ அடுக்களைக்குள்ள போய் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாவே உருட்டினா.

கொஞ்ச நாளு நல்லா தான் போச்சு. பிறகு அவருக்கு வயித்தால போவ ஆரம்பிச்சுது. முதல் நாள் செசிலி கட்டன்சாயாவுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தா. நிக்கல. கண்ணு உள்ள போச்சு, மூத்திரம் கொறஞ்சுது. பஸ்ஸுக்கு நிக்காம கார் பிடிச்சுத் திருவனந்தபுரம் போனாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தா கிரியாட்டின் ஏறியிருக்கு. அது ஏறுதுன்னா கிட்னி திணறுதுன்னு அர்த்தம், அவ்வளவு அவளுக்குத் தெரியும்.

டாக்டர் கேட்டாரு, "புதுசா எந்தெங்கிலும் சாப்பிட்டாரா?"

செசிலிக்கு மறைக்கத் தெரியாது. அதை விட, மறைக்க ஒண்ணும் இருக்குன்னு அவ நெனைக்கவும் இல்ல. "நல்ல சாதனம் தான் டாக்டரே குடுத்தேன். பழஞ்சியும் மோரும். நல்ல கிருமி. எதிர்ப்பு சக்தி கூடட்டும்னு."

டாக்டர் பேனாவை மேசையில வச்சாரு.

"சேச்சி, அந்த சக்தி எதை எதிர்க்கும்?"

"கிருமியை."

"பின்னே?"

அவருக்க ஒடம்புல அந்நியமா இருக்கது வேற என்னன்னு அப்பம் தான் அவளுக்கு உறைச்சுது. கை தானா இடது விலாவுக்குக் கீழ போச்சு, தையல் போட்ட எடத்துக்கு.

சிலுவைதாசனைப் படுக்க வச்சு ஊசியால கிட்னியில இருந்து நூல் மாதிரி ஒரு துண்டு எடுத்தாங்க. அதைப் பூதக்கண்ணாடியில பார்த்தா தெரியுமாம், ஒடம்பு கிட்னியை வெரட்டுதா, இல்ல வேற சங்கடமான்னு. வெரட்டுததா இருந்தா பெரிய மருந்து குடுத்துப் பார்ப்பாங்க, அதுக்கும் கேக்கலன்னா போச்சு. அவகிட்ட இன்னொண்ணு குடுக்குததுக்கு இல்ல. நாளைக்கு சொல்லுவோம்னு சொல்லிட்டாங்க.

வராந்தாவுல இருந்தப்போ பிரிஜா வந்தா. செசிலிக்க தங்கச்சி மவ. அந்த ஊருலயே ஒரு லேபுல ஆராய்ச்சி படிக்குதா. படிக்குதது என்னன்னு கேட்டா கிருமின்னு சொல்லுவா, அதனால செசிலி அதுக்கு மேல கேட்டதில்ல. இன்னைக்குக் கேட்டா.

"மக்கா, நீ கிருமியைத் தானே படிக்குத? பழஞ்சியும் மோரும் குடுத்து நான் அவரைக் கொன்னுட்டேனா?"

"பெரியம்மா, சும்மா இரிங்க. அப்டி ஒண்ணும் இல்ல."

"ஆறுதல் வேண்டாம். உள்ளதைச் சொல்லு. மோருல உள்ள கிருமி வயித்துக்குள்ள போய் என்ன செய்யும்?"

பிரிஜா பிளாஸ்க்கைத் தொறந்து சாயா ஊத்திக் குடுத்தா. "நம்ம கொடலுக்க உள்சுவருல ஒரு வரி செல்லு உண்டு. மதிலு மாதிரி. அதுக்குப் பின்னால காவல் செல்லு நிக்கும். அதுல சிலது மதிலுக்க எடையில கையை நீட்டி, உள்ள வந்தது யாருன்னு தொட்டுப் பார்க்கும்."

"நம்ம ஹார்பருல வெளியூரு போட்டு வந்தா கரையில நிக்குதவன் யாரு எவருன்னு கேப்பானே, அதுபோலயா?"

"ஆமா, அதே தான். கேட்டுட்டு மத்த செல்லுக்குச் சேதி அனுப்பும். 'சண்டைக்கு எழும்பு'ன்னும் அனுப்பும், 'நமக்குத் தெரிஞ்சவன் தான், விட்டுரு'ன்னும் அனுப்பும். தயிரு கிருமியில சிலது எழுப்பி விடும், சிலது அமத்தும். ஒரே பேரு உள்ள கிருமியில கூட ஒண்ணு எழுப்பும், ஒண்ணு அமத்தும். நாங்க மனுசச் செல்லை ஒரு தட்டுல வளத்து, அதுக்க மேல இந்தக் கிருமியை விட்டு, செல்லு என்ன சேதி அனுப்புதுன்னு அளந்து பார்ப்போம்."

"அப்போ எனக்க சட்டியில கெடக்கது எழுப்புததா, அமத்துததா?"

"தெரியாது பெரியம்மா."

"இவ்வளவு படிச்சும் தெரியாதா?"

"பார்த்தா தானே தெரியும்? பார்த்தாலும், அது தட்டுல ஒரு சாதிச் செல்லு என்ன செய்யும்னு தான் தெரியும். பெரியப்பாக்க வயித்துல ஒரு ஊரே குடியிருக்கு. அதுல யாரு யாருகூட சேருவா, யாரு யாரை அடிப்பான்னு இங்க இருந்து சொல்ல முடியாது. அவருக்கு வேற மாத்திரையும் உண்டு. காவல் பாதி தூங்குது. நமக்கு நல்லது செய்யுத கிருமியே அவருக்கு ரத்தத்துல ஏறிட்டா ஆபத்து."

செசிலி சாயாவைக் குடிக்காம பிடிச்சுட்டே இருந்தா. "ஒரு ஊரேன்னு சொன்னியே. எவ்வளவு இருக்கும்?"

"எண்ண முடியாது. கோடி கோடி."

"எல்லாம் வெளியில இருந்து வந்தது தானே?"

"பொறந்தப்போ இருந்து வந்து சேருதது. அம்மைகிட்ட இருந்து, பாலுல இருந்து, தின்னுததுல இருந்து. சின்னதுலயே வந்ததனால ஒடம்பு பழகிருச்சு."

"ஒடம்பைப் பாரேன்"ன்னு செசிலி சொன்னா. குரலு எறங்கிப் போச்சு. "எங்கயோ கெடந்த கோடி கிருமியை, இருந்துட்டுப் போன்னு வச்சிருக்கு. நான் சமைச்சுத் தான் தின்னுது, எனக்க பாயில தான் கெடந்துது. எனக்க கிட்னியை மட்டும் யாருன்னு கேக்குதாம்."

பிரிஜா அவளுக்க கையைப் பிடிச்சுக்கிட்டா.

"பேசிப் பழக்க முடியாதா மக்கா? இந்தக் கிருமியைப் பழக்கின மாதிரி?"

"அதைத் தான் பெரியம்மா ஒலகம் பூரா தேடுதாங்க."

"கெடச்சா சொல்லு"ன்னா செசிலி. பிறகு ஆறிப்போன சாயாவை ஒரே மடக்குல குடிச்சுட்டு, "சீனி கூடிப்போச்சு"ன்னா.

மறுநாள் டாக்டர் சொன்னாரு, ஒடம்பு கிட்னியை வெரட்டல. வயித்தால போனதுல நீரு வத்தியிருக்கு. கூடவே கொடலு புண்ணானதால மாத்திரை அளவுக்கு மீறி ரத்தத்துல ஏறி, அந்த மாத்திரையே கிட்னியை வருத்தியிருக்கு. நீரு ஏத்தி, மாத்திரையைக் கொறச்சா எறங்கும்.

"அப்போ மோரு தானே காரணம்?"

"பறைய முடியாது சேச்சி. மோரா இருக்கலாம். பச்ச உள்ளியா இருக்கலாம். பழஞ்சித் தண்ணியா இருக்கலாம். ஒண்ணும் இல்லாம, பார்க்க வந்த யாரோ கொண்டு வந்த வயித்துநோயா இருக்கலாம்."

"குத்தம் உண்டுன்னா உண்டுன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. இது என்ன ரெண்டுங்கெட்டான் பேச்சு?"

"எனக்கு அறியாததை அறியாதுன்னு தானே சொல்ல முடியும்?"

அந்தப் பதிலு செசிலிக்குப் பிடிக்கவே இல்ல. அவருக்கு வயித்தால போனது நின்னு, ரெண்டு பேருமா பஸ்ஸுல வரும்போ களியக்காவிளை வரைக்கும் அதை மனசுக்குள்ள திட்டிட்டே வந்தா. பிறகு குழித்துறைப் பாலம் தாண்டும்போ தோணிச்சு, கூட்டத்துல பேசின அம்மா எல்லாத்துக்கும் பதிலு வச்சிருந்தா. இந்தப் பிள்ளையும் டாக்டரும் தெரியாதுன்னு சொன்னாங்க. அந்த அம்மா சொன்னது பொய்யும் இல்ல, நூறு பேருக்கு நல்லது தான். நூத்தியொண்ணாவது ஆளு இவளுக்க வீட்டுல கெடக்காருன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? இவளுக்குத் தெரியும். தெரிஞ்ச இவ தான் கேட்டிருக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா தயிர்ச்சட்டியைத் தூக்கிட்டு எலிசா வீட்டுக்குப் போனா. "இது இனி ஒனக்க வீட்டுல இருக்கட்டு. எனக்க வீட்டுல கண்ணுல பட்டா அவரு கேப்பாரு, நானும் எடுத்துக் குடுப்பேன்."

"பின்ன தெருவுக்கு ஒறமோரு?"

"நீ குடு."

"ஏச்சும் நானே குடுக்கணுமா?"

"அது ஒனக்கு வராது. என்னைக் கூப்பிடு."

சிலுவைதாசன் மறுபடியும் சூடு கஞ்சிக்கும் அவிச்ச காய்க்கும் வந்தாரு. ஒண்ணும் சொல்லல. அவரு ஏசினா செசிலியும் ஏசியிருப்பா, கணக்கு தீந்திருக்கும். அவரு பாதி தின்னுட்டுத் தட்டை நீக்கி வச்சாரு. எடை கொறஞ்சுது. தின்னலன்னா மாத்திரை எப்படித் தாங்கும்? இது ஒருவகைச் சாவு தானேன்னு அவளுக்குப் பயம் வந்துது. குடுத்தாலும் பயம், குடுக்காட்டாலும் பயம்.

கிரியாட்டின் எறங்கி, பழைய எடத்துக்கு வந்து நின்ன பிறகு ஒரு நாள் யோசனை வந்துது: புளிசேரி. மோரு கறி தானே? தேங்காயும் சீரகமும் அரைச்சு, கும்பளங்காயை வேக வச்சு, மோரு விட்டு அடுப்புல வைக்குதது. கொதிக்க வச்சா கிருமி செத்துரும். புளிப்பு நிக்கும். உப்பைக் கொறச்சுக்கிடலாம். தன்னால யோசிச்சது போதும்னு முடிவு பண்ணி, பிரிஜாவுக்குப் போன் போட்டா.

"கொதிச்சா செத்துரும்லா மக்கா?"

"செத்துரும். ஆனா பெரியம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? செத்த கிருமியை விட்டாலும் எங்க தட்டுல உள்ள செல்லு சேதி அனுப்பும். அதுக்க தோலைத் தொட்டே யாருன்னு கண்டுபிடிக்கும்."

"செத்த பொறவும் பேசுமா?"

"கொஞ்சம் பேசும்."

"நாசமாப் போச்சு. ஒனக்க லேபுக்குத் தீ வைக்கணும்."

பிரிஜா சிரிச்சா. "டாக்டர்கிட்ட கேளுங்க பெரியம்மா. நான் தட்டைப் பார்க்குதவ. அவரு ஆளைப் பார்க்குதவரு."

அந்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனப்போ செசிலி டாக்டர் முன்னால நின்னு கேட்டா. செத்த கிருமி பேசுத விசயத்தையும் சொன்னா. டாக்டர் இந்தத் தடவை பேனாவை வைக்கல, சிரிச்சாரு.

"நாம தின்னுத எல்லாத்திலும் செத்த கிருமி உண்டு சேச்சி. செத்தது உள்ள போய் பெருகாது, ரத்தத்துல ஏறிப் படராது. எனக்கு இப்போ அது மதி, அது போதும். பக்ஷே நல்லா திளைக்கணும். சும்மா சூடாக்குனா போராது. வெட்டித் திளைக்கணும்."

வெட்டிக் கொதிக்கணும். அங்க தான் செசிலிக்கு இடிச்சுது. புளிசேரியை யாராவது கொதிக்க விடுவாளா? ஓரத்துல நுரை கூடி வரும்போ எறக்கணும். கொதிச்சா திரிஞ்சு, தண்ணி வேற கட்டி வேறன்னு பிரிஞ்சுரும். எத்தனை கல்யாண வீட்டுல, "திரிஞ்ச புளிசேரியை எலையில ஊத்துதியே, வெக்கம் இல்லியா?"ன்னு சமையல்காரனைக் கேட்டவ இவ! எலிசா புதுசா கட்டி வந்தப்போ வச்ச புளிசேரியை வருசக்கணக்கா சொல்லிச் சிரிச்சவ.

சட்டியை அடுப்புல வச்சா. கும்பளங்காய் வெந்துது, அரைச்ச தேங்காயும் வெந்துது. எலிசாகிட்ட வாங்கின மோரை ஊத்தினா. ஓரத்துல நுரை கூடிச்சு. கை துணியை எடுத்துச் சட்டியைப் பிடிச்சுது. பழகின கை, சொன்னாலும் கேக்காது. செசிலி துணியைத் தூர எறிஞ்சா. இடுப்புல ரெண்டு கையையும் குத்திட்டு நின்னு பார்த்தா. நடுவுல ஒரு குமிழு வந்து பொட்டிச்சு. பிறகு நாலு. பிறகு சட்டி முழுக்கத் துள்ளிச்சு. மஞ்சத் தண்ணி ஒரு பக்கம், வெள்ளைத் தரி ஒரு பக்கம்னு ஒக்கப் பிரிஞ்சுது. அதுக்குப் பிறகும் அவ எறக்கல. இன்னும் துள்ளட்டும்னு நின்னா. நல்லா ஆவி பறக்கத் துள்ளின பிறகு தான் அடுப்பை அமத்தினா.

எலிசா தேங்காய்த் துருவி கேக்க வந்தவ சட்டிக்குள்ள எட்டிப் பார்த்துட்டா. அவளுக்க மூஞ்சி பூத்துது. "ஏட்டி செசிலி! திரிஞ்சு போச்சே!"

"போச்சு. நான் தான் திரிய விட்டேன். போய் தெரு பூரா சொல்லு."

எலிசா சிரிக்கல. தேங்காய்த் துருவியை எடுத்துட்டுப் போனா.

சிலுவைதாசன் சோத்தைப் பிசைஞ்சு ஒரு வாய் வச்சாரு. தரி நாக்குல தட்டுபட்டிருக்கணும், தலையைத் தூக்கிப் பார்த்தாரு. இருபது வருசமா அவ கையால ஒரு தடவை கூட திரியாத கறி.

"ஏட்டி..."

"பேசாம தின்னுங்க."

அவரு ரெண்டாவது தடவையும் சோறு போடச் சொன்னாரு.

அடுத்த மாசம் ரத்தம் எடுத்தாங்க. கிரியாட்டின் ஏறல. அதுக்கடுத்த மாசமும் ஏறல. எதனால ஏறலன்னு செசிலி யாருகிட்டயும் கேக்கல. வீட்டுக்கு வந்து, சட்டியை அடுப்புல வச்சு, அது துள்ளுத வரைக்கும் பக்கத்துலயே நின்னா.